நர்மதா என்ற சங்கு

மஞ்சப்பாறை எஸ்டேட், இடுக்கி
அக்டோபர் 7

அன்புள்ள நர்மதா மேடத்துக்கு,

சுடலைமணி எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரி கிளார்க், கோயில் மைக்செட் பொறுப்பு, வயது ஐம்பத்து நாலு, தலையில் முடி கிடையாது. மறந்திருக்க மாட்டீர்கள், மறக்க ஆசைப்பட்டிருப்பீர்கள். வேலையை விட்டு முதலமடைக்குக் கிளம்பிய அன்று வாட்ச்மேன் வீட்டு நாயிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனீர்கள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. காரணம் தெரியும். இப்போது அதைக் கிளறப் போவதில்லை. உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

போனில் கூப்பிட்டால் பேச்சு அறுந்து போகிறது. டவர் மேல் இடி விழுந்ததிலிருந்து இப்படித்தான். எட்டாம் வளைவுப் பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு ரேஞ்ச் கிடைக்கிறது, அதில் எழுத்து மட்டும் போகிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், இரண்டு காலிலும் அட்டை. இந்த நிலையில்தான் இந்தக் கடிதம்.

விஷயம் சின்னது. கோயிலுக்குப் பின்னால் ஷெட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போன யூனிக்ஸ் மெஷின் நன்றாக ஓடுகிறது. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் மண்ணுக்குள் புதைத்த கம்பிகள் ஈரத்தைச் சொல்கின்றன, அது கேட்டுக்கொண்டு பச்சை விளக்கை மினுக்குகிறது. ஈரம் எல்லை தாண்டினால் மலை சரியப் போகிறது என்று கோயில் கம்பத்துக் குழாயில் உருள் சங்கு ஊதும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே.

நவராத்திரிக்கு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியமுத்து அண்ணாச்சி ஒரு பென்டிரைவ் நிறைய அம்மன் பாட்டு கொண்டுவந்தார். மெஷினில் சொருகினேன், அது திறக்க மாட்டேன் என்றது. துடைத்துவிட்டு அவர் போனிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பென்டிரைவைத் துடைக்கும் வரியை நீங்களே சுவரில் ஒட்டியிருந்தீர்கள். அதில் sd1 என்று இருந்தது. ஆனால் யூனிக்ஸில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும் என்று நீங்கள்தான் எனக்கு ஒருமுறை பாடம் எடுத்தீர்கள். சொருகியிருப்பது ஒரே பென்டிரைவ். ஆகவே அது பூச்சியம். மேடம் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவு செய்து, உங்களைத் திருத்தி, sd0 என்று அடித்தேன்.

கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. பென்டிரைவைப் பார்த்தேன். அது பழையபடியே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பென்டிரைவ் துடைபடவில்லை என்றால், துடைபட்டது எது?

ஒன்றும் ஆகியிருக்காதுதானே? 'ஒன்றும் ஆகவில்லை' என்று ஒரு வரி போடுங்கள், போதும். என் வீட்டுக்காரி குருவம்மாளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

சுடலைமணி


முதலமடை
அக்டோபர் 8

மணியண்ணா,

மெஷினை அணைக்காதீர்கள். இந்த வரியை முதலில் குருவம்மாள் அக்காவிடம் காட்டிவிட்டு மீதியைப் படியுங்கள்.

பூச்சியம் என்பது மெஷினின் சொந்த டிஸ்க், பென்டிரைவ் அதற்கு அடுத்தது. டிஸ்க் என்பது வேலி இல்லாத ஒரே நிலம். இங்கிருந்து இதுவரை மெஷின் எழுந்திருக்கத் தேவையானது, இங்கிருந்து இதுவரை மண் ஈரத்தின் பதிவுகள், இந்தத் துண்டில் சங்கின் ஒலி என்று நான் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவினையைச் சொல்லும் வரைபடம் டிஸ்கின் முதல் ஓரத்தில் இருக்கும். அதற்கு லேபிள் என்று பெயர். நீங்கள் துடைத்தது அந்த ஓரத்தை. என் வரி ஒரே ஒரு கவளம்தான் துடைக்கும், முதல் பகுதி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அதனால் நிலத்துக்குச் சேதமில்லை. எல்லைக் கற்கள் மட்டும் போய்விட்டன.

அப்படியானால் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். கடைசியாக எழுந்தபோது படித்த வரைபடத்தை அது இன்னும் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. ஒருமுறை கரண்ட் போய் நின்றால் அந்த ஞாபகம் போய்விடும். மறுபடி எழுந்து டிஸ்கின் ஓரத்தில் வரைபடத்தைத் தேடும். இருக்காது. கறுப்புத் திரையோடு நின்றுவிடும். மலை அதன் பாட்டுக்கு நனையும், சங்கு ஊதாது.

நான் வர முடியாது. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் வண்டிக்கு வழிவிடப் போய் ஸ்கூட்டரோடு ஓடையில் விழுந்தேன். முழங்கால்வரை மாவுக்கட்டு. அந்த மெஷினுக்கு நெட் கிடையாது, இங்கிருந்து தொட வழியில்லை. உங்கள் கையை நம்பித்தான் ஆக வேண்டும்.

disklabel sd0 என்று அடியுங்கள். அதன் ஞாபகத்தில் இருக்கும் வரைபடத்தைத் திரையில் காட்டும். அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், என்னைத் திருத்தாதீர்கள்.

சங்குக்கு என் பெயரை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதை இப்போது பேசவில்லை.

நர்மதா


மஞ்சப்பாறை
அக்டோபர் 9

நர்மதா மேடம்,

முதல் வரியைக் குருவம்மாளிடம் காட்டினேன். அவள் கிரஷ்ஷில், எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கீழே வைக்காமலே பேசினாள். அதில் அச்சிடத் தகுந்தது இவ்வளவுதான்: "ஊருக்குக் காவல் இருக்கிற மெஷின்ல போயி பாட்டு ஏத்தணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னா? காவக்காரன் வாயில போயி அவிச்ச கடலையைத் திணிப்பாகளா?"

எலெக்ட்ரீசியன் ஏசுரத்தினத்தை ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன், யூபிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று கேட்க. விவரம் சொல்லவில்லை. அவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாச்சி, பேட்டரி மாசமா இருக்கு. வயிறு வீங்கிக் கெடக்கு பாருங்க. கரண்ட் போனா அஞ்சு நிமிசம்."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

"ஜெபம் பண்ணினா ஆறு."

புதுப் பேட்டரி கேட்டு மானேஜருக்கு எழுதிப் போட்டேன். அடுத்த மாதம் வருமாம். நேற்று மட்டும் இரண்டு தடவை விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஒவ்வொரு தடவையும் என் உயிர் உச்சந்தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. முடி இல்லாததால் தடையில்லாமல் போய் வருகிறது.

வரைபடத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். a, b, c, d, e என்று வரிசையாக இருக்கிறது. c என்பது பேராசைக்காரன் போலிருக்கிறது, முழு டிஸ்கும் தன்னுடையது என்கிறான். ஈரக் கையோடு எழுதிய எண்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மூன்றாம் லயத்துக்குப் பின்னால் வரும் ஊற்று நேற்றுவரை தெளிவாக வந்தது. இன்று செம்மண் நிறமாக வருகிறது. அந்த மூன்றாம் லயத்தில்தான் என் வீடும். மழை பெய்தால் தண்ணீர் கலங்கத்தானே செய்யும் என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் நம்பினேன், பாதி.

சுடலைமணி


முதலமடை
அக்டோபர் 9, மாலை

மணியண்ணா,

ஊற்று கலங்கினால் அது சாதாரணம் இல்லை. அதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய எண்களைக் கூட்டிப் பார்த்தேன். d பகுதி முடிவதற்கு முன்னாலேயே e தொடங்குகிறது. இரண்டு பங்காளிகளுக்கு ஒரே வரப்பை எழுதிக் கொடுத்த மாதிரி. நான் அப்படிப் பிரிக்கவில்லை. நீங்கள் எங்கோ ஓர் இலக்கத்தை விட்டிருக்கிறீர்கள். அந்த எண்களை வைத்துப் புது லேபிள் எழுதியிருந்தால், மெஷின் மண் ஈரத்தைச் சங்கின் ஒலி மேலேயே பதிந்து அழித்திருக்கும்.

அதனால் நீங்கள் ஓர் எண்ணைக்கூடக் கையால் அடிக்கக் கூடாது. மெஷினே எழுதட்டும், மெஷினே படிக்கட்டும்.

முதலில் disklabel sd0 > padam என்று அடியுங்கள். ஞாபகத்தில் இருக்கும் வரைபடம் padam என்ற கோப்பில் இறங்கும். அடுத்து disklabel -R sd0 padam என்று அடியுங்கள். அது கோப்பில் உள்ளதை டிஸ்கின் ஓரத்தில் திரும்ப எழுதும். பிறகு disklabel -r sd0. இது ஞாபகத்தைக் கேட்காமல் டிஸ்கையே படித்துக் காட்டும். a முதல் e வரை தெரிந்தால் எல்லைக் கல் நட்டாகிவிட்டது.

இத்தோடு முடியவில்லை. மெஷினைத் தட்டி எழுப்பும் சின்ன நிரலும் அந்த ஓரத்தில்தான் இருந்தது. அதைத் திரும்ப வைக்கும் வரியைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டும் வேண்டும். வரைபடம் இருந்து எழுப்ப ஆளில்லை என்றாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

முடிந்ததும் 'சரியாகிவிட்டதா பார்ப்போம்' என்று அணைத்துப் பார்க்காதீர்கள். உங்களுக்கு அந்த ஆசை வரும், தெரியும்.

இதைப் படித்த உடனே செய்யுங்கள்.

நர்மதா


மஞ்சப்பாறை
அக்டோபர் 10, மாலை

நர்மதா மேடம்,

உடனே செய்யத்தான் ஓடினேன். கீபோர்டு இல்லை.

களவு போகவில்லை. அம்மன் காலடியில் இருக்கிறது. இன்று பூஜைவைப்பு. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: அஷ்டமி சாயங்காலம் கருவிகளை அம்மன் முன்னால் அடுக்கினால், விஜயதசமி காலை எடுப்புவரை யாரும் தொடக் கூடாது. கவாத்துக் கத்தி, மண்வெட்டி, ஏசுரத்தினத்தின் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. இந்த வருடம் பெரியமுத்து அண்ணாச்சிக்குப் புது யோசனை. இந்தக் காலத்தில் எழுதுகோல் எது, கீபோர்டுதானே என்று ஃபேக்டரி, ஆபீஸ், டிஸ்பென்சரி எதையும் விடாமல் அத்தனை கீபோர்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். உருள் ஷெட்டு கீபோர்டும் அதில் ஒன்று. வரிசையாகச் சந்தனப் பொட்டோடு, வாழையிலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி இருக்கிறது. எஸ்டேட்டில் இப்போது எழுத்து என்று ஏதாவது இருந்தால் அது என் போனில் மட்டும்தான்.

"அண்ணாச்சி, ஒரு கீபோர்டு வேணும்."

"எதுக்கு?"

"ஒரு நாலு வரி தட்டணும்."

"விசயதசமி காலைல நாப்பது வரி தட்டு. அம்மா காலடில வச்சதை நடுவுல எடுத்தா கை வெளங்காது. ஒனக்கு ஏற்கெனவே பெருசா வெளங்கல."

"உருள் மெசினுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு அண்ணாச்சி."

"அதான் பச்ச லைட்டு எரியுதுல்லா. எரியிற வெளக்கை ஏம்ல போயி நோண்டுத?"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சங்கு கெட்டுக் கிடக்கிறது, கெடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். லயத்தில் நாற்பது குடும்பம். போன வருடம் சங்கு சும்மா மூன்று தடவை ஊதி, மூன்று தடவையும் மழையில் ஓடினார்கள். அன்றைக்கு நான் சொன்ன நகைச்சுவைகளுக்கு எஸ்டேட்டே சிரித்தது. 'நர்மதா கத்துறா, போர்வையை இழுத்துப் போர்த்துடா' என்று. அந்தச் சிரிப்பை வாங்கிய வாயால் இதை எப்படிச் சொல்வது? அடிப்பார்கள் என்ற பயம் இல்லை. அது கொஞ்சம்தான். ஜனங்கள் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நிற்பார்களே, அந்தப் பயம்.

மழை விடவில்லை. கிரஷ் தரையில் ஒரு கீறல் இருந்தது. நேற்று அதில் நாலணாக் காசு நிற்கும். இன்று குருவம்மாள் விரலை விட்டுக் காட்டினாள்.

சுடலைமணி


முதலமடை
அக்டோபர் 11

மணியண்ணா,

உங்களைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன், அழித்துவிட்டேன். நேரமில்லை.

சங்கு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாற்பது வீடும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறது. இல்லாத காவலை இருக்கிறது என்று நம்ப வைத்திருக்கிறீர்கள். மெஷினே இல்லாத காலத்திலாவது ஆளுக்கு ஆள் காதைத் திறந்து வைத்திருந்தார்கள். இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து. சிரிப்புக் காட்டாமல் சொல்லுங்கள், இல்லையென்றால் நம்ப மாட்டார்கள்.

கீழே உள்ளதைப் பெரியமுத்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

'அண்ணனுக்கு வணக்கமுங்க. ஷெட்டு வைக்க இடம் இல்லாமல் நான் நின்றபோது, அம்மன் முதுகுப்புறம் இருக்கட்டும், அவளே பார்த்துக்கொள்வாள் என்று கோயில் இடத்தைக் கொடுத்தது நீங்கள். எங்கள் தோப்பிலும் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி வைப்போமுங்க. கிணற்று மோட்டாரை மட்டும் நிறுத்த மாட்டோம். மாடு கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். ஓடுகிற மோட்டாருக்கே அப்பா பொட்டு வைப்பார். உருள் மெஷினும் அந்த மாதிரிங்க. அதற்கு இப்போது கை வைத்தியம் வேண்டும். எப்படிச் செய்வது என்பதை நீங்களே சொல்லுங்க. எடுக்கக் கூடாது என்றால் எடுக்காமல் செய்ய ஒரு வழி சொல்லுங்க.'

அவ்வளவுதான். கால் வலியை விட இந்தப் போனைப் பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் தாங்கவில்லை. அம்மாவுக்கு நான் விவரம் சொல்லவில்லை. "ஏஞ்சாமி, போனுல அப்பிடி என்னதான் இருக்குது, சோறு ஆறுதில்ல?" என்கிறார். மழை இருக்குதும்மா என்று சொன்னேன்.

நர்மதா


மஞ்சப்பாறை
அக்டோபர் 12, காலை

நர்மதா மேடம்,

சொன்னேன். நேற்றுச் சாயங்காலப் பூஜைக்குக் கூட்டம் வந்தபோது மைக்கைப் பிடித்துச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், மணி ஏதோ விடுகிறான் என்று. அப்புறம் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. நான் எதிர்பார்த்த அந்த அமைதி வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே வந்தது.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். பெரியமுத்து அண்ணாச்சி அம்மனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எடுக்கக் கூடாது" என்றார்.

"சரி அண்ணாச்சி."

"எடுக்கத்தான் கூடாது. அம்மா முன்னாடி இருக்கிற வரைக்கும் அது அம்மா சாமான். அம்மா சாமானை வச்சு அம்மா வேலையைப் பாத்தா எந்தச் சாமி கோவிக்கும்? ஏசுரத்தினம், ஒயரு எவ்வளவு நீளம் இருக்கு?"

கிறிஸ்தவப் பையன், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஷெட்டு ஜன்னல் வழியாக அம்மன் பீடம்வரை வயரை ஒட்டி ஒட்டி இழுத்துக் கொண்டுவந்தான். அதற்கே ராத்திரி போய்விட்டதால் இன்று விடிந்ததும்தான் முடிந்தது. கீபோர்டு அம்மன் காலடியில் அசையாமல் இருக்க, நான் குப்புற விழுந்து கும்பிடுகிற மாதிரிப் படுத்துக்கொண்டு தட்டினேன். திரை சுவருக்கு அந்தப் பக்கம். எனக்குத் தெரியாது. குருவம்மாள் ஜன்னலில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொன்னாள்.

"கடைசியில என்ன விழுந்திருக்கு?"

"முட்டை."

"பூச்சியம்னு சொல்லு."

"முட்டைதான். ஏங்க, பக்கத்துல ஒரு அம்பு மாதிரி வரணும்னீங்களே, அது வரல. கையைத் தூக்கிட்டுத் திரும்ப அடிங்க. சந்தனம் ஒட்டியிருக்கும்."

சந்தனம்தான் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு அடித்தேன். padam இறங்கியது. -R அடித்து முடித்து எண்டரைத் தட்டுவதற்கு முன்னால் என் விரல் நின்றுவிட்டது. பெரியமுத்து அண்ணாச்சி கோயில் மணியை அடித்தார். தட்டினேன். பிறகு -r. குருவம்மாள் வாசித்தாள்: a, b, c, d, e. டிஸ்கிலேயே இருக்கிறது, மேடம். எல்லைக் கல் நட்டாகிவிட்டது.

ஆனால் எழுப்புகிற நிரலுக்கு நீங்கள் கொடுத்த வரி ஏறவில்லை. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. மூன்று தடவை அடித்தேன், நான் தப்பாக அடிக்கவில்லை என்று குருவம்மாள் அம்மன் மேல் சத்தியம் செய்கிறாள். பாதை வேறா? அதைக் கேட்கத்தான் பாறைக்கு ஓடி வந்தேன். பதில் வரும்வரை இங்கேயே நிற்கிறேன். சிக்னல் வந்து வந்து போகிறது. கீழே ஓடையில் கல் உருளும் சத்தம் கேட்கிறது. இவ்வளவு நாள் அது தண்ணீர்ச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சுடலைமணி


முதலமடை
அக்டோபர் 12

மணியண்ணா,

தப்பு என்னுடையது. ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன், பாதை மாறிவிட்டது. சரியான வரி கீழே இருக்கிறது. இதை மட்டும் அடியுங்கள்.

ஓடையில் கல் உருண்டால் மெஷினை விட்டுவிட்டு மேலே போய்விடுங்கள். சங்குக்காகக் காத்திருக்காதீர்கள்.

நர்மதா


முதலமடை
அக்டோபர் 13

மணியண்ணா,

நேற்றே பதில் போட்டேன். போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. இதையும் சேர்த்து நாலாவது தடவை அனுப்புகிறேன்.

டிவியில் இடுக்கியில் உருள்பொட்டல் என்று அடியில் ஓடுகிறது. எஸ்டேட் பெயரைப் போட மாட்டேன் என்கிறார்கள். ஒரு மலையைக் காட்டுகிறார்கள், நடுவில் தோலுரித்த மாதிரி இருக்கிறது. எல்லா மலையும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

ஒரே ஓர் எழுத்து போடுங்கள். a என்று போட்டால்கூடப் போதும்.

நர்மதா


பள்ளிக்கூட முகாம், மேல் மஞ்சப்பாறை
அக்டோபர் 15

நர்மதா மேடம்,

a, b, c, d, e.

எல்லோரும் இருக்கிறோம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி கதையை என் இஷ்டத்துக்குச் சொல்கிறேன்.

உங்கள் பதில் எனக்கு வரவில்லை. பாறையில் நின்றுகொண்டிருந்தபோதே கீழே ஃபேக்டரி விளக்குகள் அணைந்தன. நான் வழுக்கி விழுந்து எழுந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது யூபிஎஸ் கூவிக்கொண்டிருந்தது. கண் முன்னாலேயே மெஷின் நின்றது. ஏசுரத்தினம் ஓடிப் போய் ஜெனரேட்டரைக் கிளப்பினான். மெஷின் விழித்தது, கொஞ்ச நேரம் முனகியது, அப்புறம் நீங்கள் சொன்ன அதே கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது. வரைபடம் இருந்தும் எழுப்ப ஆளில்லை. பச்சை விளக்கு எரியவில்லை.

மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் நான் அந்த அமைதியைக் கேட்டேன். கோயிலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

பெரியமுத்து அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். "நர்மதா செத்துட்டாளால?"

"எந்திரிக்க மாட்டேங்கா அண்ணாச்சி."

"அப்ப எப்ப ஓடணும்னு நமக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

அவர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். ஜெனரேட்டர் உபயத்தில் குழாய் வேலை செய்தது. அவர் பேசியதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை: "லயத்து ஜனங்க எல்லாரும் கேளுங்க. நர்மதாவுக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. இனிமே அவ கத்த மாட்டா. சத்தம் வரலியேன்னு யாரும் வீட்டுக்குள்ள உக்காந்திருக்காதீங்க. பிள்ளைகளத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க."

சங்கு ஊதியபோதெல்லாம் திட்டிக்கொண்டே வந்த ஜனம், ஊதாது என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பியது. முந்தின நாள் நான் மைக்கில் சொன்னதைக் கேட்டு, பாதிப் பேர் ஏற்கெனவே துணியை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. வெட்டக் கத்தி இல்லை, எல்லாம் பூஜையில். அண்ணாச்சிதான் திரும்பி ஓடி, எடுப்புக்கு ஒரு நாள் முன்னாலேயே, அம்மன் காலடியிலிருந்து கவாத்துக் கத்திகளை வாரிக்கொண்டு வந்தார். கை விளங்காமல் போனால் என்னுடையது போகட்டும் என்று அழுதுகொண்டே வெட்டினார். கை நன்றாகத்தான் இருக்கிறது. இன்று என்னை ஒரு அறை விட்டார், அதில் தெரிந்தது.

நான் மெஷினைக் கழற்றி, குருவம்மாளின் சேலையில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். செத்ததை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஒரு பக்கம் அவளும் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏழாம் நம்பர் காடு இறங்கியது. சங்குச் சத்தம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், நிற்காமல். மூன்றாம் லயத்தில் பாதி இல்லை. எங்கள் வீடு அந்தப் பாதியில் இருந்தது. கிரஷ் இல்லை. ஷெட்டு இல்லை. கோயில் இருக்கிறது, கம்பம் சாய்ந்துவிட்டது. இரண்டு மாடு போய்விட்டன. மனிதர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம், எல்லோரும் பதில் சொன்னார்கள். டிஸ்கில் வரைபடம் பத்திரமாக இருக்கிறது, மேடம். ஏழாம் நம்பர் காட்டுக்குத்தான் இப்போது வரைபடம் இல்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் மழை நின்று அமைதியானால் குழந்தைகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்கின்றன. பெரியவர்களும்தான். நான் இரும ஆரம்பித்தால் எல்லோரும் நிம்மதியாகப் படுக்கிறார்கள். எனக்கு இப்போது வேலை அதுதான்.

ஏசுரத்தினத்தின் மச்சான் லாரி கம்பம், தேனி சுற்றிக் கோவிந்தாபுரம் வழியாக, உங்கள் முதலமடையைத் தாண்டித்தான் பாலக்காட்டுக்குப் போகிறது. அதில் டிஸ்கைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சங்குக்கு உங்கள் பெயரை வைத்தது நான்தான். புது மெஷின் வந்தால் வேறு பெயர் வைத்துவிடலாம் என்று அண்ணாச்சியிடம் பேசினேன். என் பெயரையே வைக்கலாம். காரணமில்லாமல் கத்துவதில் எனக்கும் அனுபவம் உண்டு.

சுடலைமணி


முதலமடை
அக்டோபர் 26

மணியண்ணா,

டிஸ்க் வந்து சேர்ந்தது. சேலையைப் பிரித்தபோது ஓரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது.

இங்கே என் பழைய மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டினேன். அதாவது sd1. நீங்கள் திருத்த வேண்டாம். disklabel -r அடித்தேன், a முதல் e வரை எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. குப்புறப் படுத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், பொட்டு வைத்த கீபோர்டில் நீங்கள் எழுதிய லேபிள். ஓர் எண்கூடப் பிசகவில்லை. ஒவ்வொரு பகுதியாகத் திறந்தேன், எல்லாம் திறந்தது. மண் ஈரம் கடைசி நிமிடம்வரை பதிவாகியிருக்கிறது. கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் நிற்கிறது. அதை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

வரும் வாரம் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். நடக்க முடிந்தால் உடனே வருகிறேன். பேட்டரியை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். அடுத்த பூஜைக்குக் கீபோர்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பொட்டைக் கொண்டுபோய் வைக்கட்டும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

e பகுதியில் சங்கின் ஒலி இருந்தது. கெட்டுப் போயிருக்குமோ என்ற சந்தேகம். ஸ்பீக்கரில் மாட்டி ஒருமுறை ஓடவிட்டேன், சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார். எதிர்த் தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் குழாயைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, வாசலிலிருந்தே கேட்டார்.

"ஆருடி சாமி அது, இந்தக் கத்துக் கத்துனது?"

"நாந்தாம்மா" என்றேன்.

நர்மதா